பெரியப்பாவுக்குப் போட்ட மொட்டை

“கையில காசே இல்லன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணிட்டாரு மேடம். புள்ளைக்குக் குடுக்கச் சொன்ன ஜீவனாம்சம் இன்னும் ஒத்த ரூபா வரல” என்றாள் இசைவாணி.

முந்திரி உடைக்கும் கூடத்திலிருந்து நேராகக் கடலூர் வந்திருந்தாள். விரல்களெல்லாம் கொட்டை எண்ணெயில் கறுத்துக் கிடந்தன. அவளை அழைத்து வந்தவர் அவளுடைய வக்கீல் லியோ. எதிரே அமர்ந்திருந்த ஆரோக்கிய ராணி, மகளிர் காவல் நிலைய ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லியோவுக்குச் சட்டம் தெரியும், பொறுமை தெரியாது. ராணியிடம் அது மூட்டை மூட்டையாக இருந்தது.

“வாடகையும் குடுத்து, சிந்துஜாவையும் படிக்க வைக்க என்னால முடியல. பெங்களூர்ல அக்கா வூட்டுக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். எட்டு வயசுப் புள்ள மேடம்” என்றாள்.

“உன் வூட்டுக்காரரு எழிலன் என்னா வேலை பாக்குறாராம்?”

“குமராட்சியில அவுங்க அக்கா புருஷன் காத்தவராயன் அறுப்பு மிஷின் வாங்கியிருக்காரு. அதுல கூலிக்கு ஓட்டுறாராம். போன வாய்தாவுக்கு மொட்டத் தலையோட வந்து, பெரியப்பா செத்துட்டாரு, காரியச் செலவுல இருந்ததும் போச்சுன்னு அழுதாரு.”

“மீசை?”

“முறுக்கிக்கிட்டுதான் நின்னாரு. என்னைத் தாண்டிப் போறப்ப கமகமன்னு சந்தன வாசம் வேற.”

ராணி புன்னகைத்தார். “லியோ, வண்டிய எடு.”

குமராட்சியில் சம்பா அறுப்பு மும்முரமாக நடந்து கொண்டிருந்தது. வரப்போரம் நின்ற இயந்திரத்தின் முகப்பில் வாடிய மாலை தொங்கியது. குடை பிடித்தாற்போல் தலைமுடி வைத்திருந்த காத்தவராயன், “மிஷின் என்னுதுதான், பேப்பரு பாக்குறீங்களா?” என்று நெஞ்சை நிமிர்த்தினார். ஆவணங்களில் ஒரு குறையும் இல்லை. எழிலன் கணக்கில் செத்துப்போன பெரியப்பா பக்கிரியோ டீக்கடை பெஞ்சில் அமர்ந்து போண்டா தின்று கொண்டிருந்தார்!

லியோ துள்ளினார். “மேடம், இவரைக் கூண்டுல ஏத்திடலாம்!”

“ஏத்துனா எழிலன் பொய் சொன்னான்னு ஆவும். புள்ளைக்குப் பணம் வராது. நீ காத்தவராயனைச் சாட்சிக்குக் கூப்புடு. நான் சொல்ற ஒரே கேள்விய மட்டும் கேளு.”

சிதம்பரம் நீதிமன்றத்தில் காத்தவராயன் கூண்டேறினார். ‘மிஷின் உங்களுடையது; அப்படியானால் எழிலன் என்றைக்குமே அதில் உரிமை கேட்க முடியாது. இதை நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளச் சம்மதமா?’ என்று லியோ கேட்டார்.

காத்தவராயனின் முகம் மலர்ந்தது. “நல்லா எழுதிக்குங்க! அவனுக்கும் மிஷினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் விக்கக்கூட ஆளு பாத்துட்டேன்.”

“யோவ் மாமா! என்னா பேசுற நீ?” பின் பெஞ்சிலிருந்து எழிலன் குதித்து எழுந்தான். “கரும்புக் காட்ட வித்து நான் வாங்குன மிஷின்யா! நல்லபடியா அமையணும்னு வேண்டிக்கிட்டு மொட்டை போட்டவன் நானு!”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் நீதிபதி முன்னாலேயே கத்திவிட்டது.

இயந்திரத்தை ஜப்தி செய்ய வேண்டியிருக்கும் என்றார் நீதிபதி. எழிலன் வீம்பாக, “ஜெயிலுக்கே போறேன். அதோட கணக்குத் தீந்துடும்ல?” என்றான்.

“தீராது” என்றார் நீதிபதி. “பணம் கட்டாததற்குத்தான் சிறை. இருந்துவிட்டு வெளியே வந்தாலும் பாக்கி அப்படியே நிற்கும், ஜப்தியும் வரும். பொய்ச் சத்தியத்துக்கு வழக்கு தனி.”

அறுப்புக் காலத்தில் மிஷின் ஒரு நாள் நின்றாலும் எவ்வளவு நட்டம் என்பது எழிலனுக்குத் தெரியும். பொழுது சாய்வதற்குள் பாக்கி முழுவதையும் கட்டினான்.

வெளியே லியோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “எப்புடி மேடம் கண்டுபுடிச்சீங்க?”

“பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் லியோ. அவுங்க பக்கம் காரியத்துக்கு மொட்டை போட்டா மீசையும் போயிடும், சந்தனமும் பூச மாட்டாங்க. இவன் போட்டது வேண்டுதல் மொட்டை. பணமில்லாம அழுவுறவனுக்கு எந்த வேண்டுதல் பலிச்சுது? குமராட்சியில பதில் கெடச்சுது. மிஷின் வாங்குனவர்னு சொன்னவர் தலையில ஒரு முடி கொறையல, கூலிக்கு ஓட்டுறவன் மொட்டை போட்டுருக்கான். கோர்ட்டை ஏமாத்தத் துணிஞ்சவனுக்குச் சாமிய ஏமாத்தத் துணிவு வரல. அடுத்தவர் பேருல சொத்து வாங்குனவனுக்குத் தூக்கத்துலயும் ஒரே பயம்தான், பேருக்காரன் முழுங்கிடுவானோன்னு. அந்தப் பயத்தத்தான் நீ கேள்வியா கேட்ட.”

சற்றுத் தள்ளி இசைவாணி கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நீதிமன்ற வாசலில் போனவர் வந்தவரெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

“அக்கா! சிந்துஜாவ அங்க அனுப்பல! எம்புள்ள எங்கிட்டதான் இருப்பா!”