எல்லைக்குள் வராத பாசி

காலை ஆறு மணிக்கு ஆய்விதழ்களின் கதவு திறக்கும். ரெக்சலின் பத்து நிமிடம் முன்பே மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கைத்திரையோடு உட்கார்ந்துவிடுவாள். இன்றும் ஆறு அடித்த கையோடு பதில் வந்தது.

‘தங்கள் கட்டுரை பாசியியல் காலாண்டிதழின் நோக்கத்துக்கும் எல்லைக்கும் வெளியே உள்ளது. மனித நோய்கள் எமது எல்லையில் அடங்கா. தங்கள் பணி சிறக்க வாழ்த்துகிறோம்.’

ஐந்தாவது மறுப்பு. முதல் மறுப்பு வந்தபோது அவள் தங்கை ஜெனிட்டாவுக்கு விரல்கள் மட்டும்தான் மரத்திருந்தன. இரண்டாவதற்குள் மணிக்கட்டு. இன்று தோளைத் தாண்டிவிட்டது. நெஞ்சுக்கு இறங்கினால் மூச்சு நின்றுபோகும்.

ஜெனிட்டா தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையொன்றில் சல்லடை கழுவுகிறவள். கூட வேலை பார்த்த ஏழு பெண்கள் இப்படியே விறைத்துச் செத்தார்கள். இன்னும் பதினொரு பேர் ஜெனிட்டாவின் வார்டிலேயே கிடக்கிறார்கள். காரணத்தைப் பாசி ஆய்வாளரான ரெக்சலின்தான் கண்டுபிடித்தாள். செப்புச் சல்லடையில் ஒட்டிச் சாகும் ஒரு பாசி நஞ்சைக் கக்குகிறது. அது தோல் வழியே நரம்பில் ஏறுகிறது. முறிக்கும் மருந்தும் புதிதல்ல. வார்டுச் சுவரில் பதித்த மருந்துப்பேழையின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பெயரைக்கூட வாசிக்கலாம்.

ஆனால் பேழை திறக்காது. உடைத்தாலோ உள்ளேயே மருந்தைக் கெடுத்துவிடும்.

இருபது வருடங்களுக்கு முன் இயந்திரங்கள் எழுதித் தள்ளிய பொய்க் கட்டுரைகளை நம்பிக் கொடுத்த மருந்துகளால் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ரெக்சலினின் அப்பாவும் அவர்களில் ஒருவர். அதன்பின் சட்டம் வந்தது. பதிவுபெற்ற நானூற்றுப் பன்னிரண்டு இதழ்களில் ஒன்றில் வெளிவந்தால்தான் எதுவும் அறிவாக ஏற்கப்படும். அந்த அறிவுக்குத்தான் பேழை திறக்கும். ஒவ்வொரு இதழின் வாசலிலும் ‘எல்லைக்காவலன்’ என்ற கணினி நிரல் நின்றது. ஒரு கட்டுரையை ஒரு சமயத்தில் ஓர் இதழுக்குத்தான் அனுப்பலாம். பதிலுக்கு மூன்று நாள். அந்தச் சட்டம் வேண்டுமென்று வீதி வீதியாகக் கையெழுத்து வாங்கியவர்களில் ரெக்சலினும் ஒருத்தி.

நரம்பு மருத்துவ இதழ், பாசி தன் எல்லையில் இல்லை என்றது. உலோக இதழ், உயிருள்ளவை இல்லை என்றது. மற்ற இரண்டும் இதையே வேறு சொற்களில் சொன்னதால், இம்முறை அனுப்புவதற்கு முன் மனிதர் ஒருவரிடம் கேட்டுவிட நினைத்தாள். ஜெனிட்டாவின் கட்டிலருகே உட்கார்ந்து, அபூர்வ நோய்க் குறிப்பிதழின் ஆசிரியர் பொன்னுலிங்கத்தை அழைத்தாள். அவர் கட்டுரையைப் பொறுமையாக வாசித்தார்.

“தப்பே இல்லம்மா. முழுசா எழுதியிருக்கீங்க, அதான் கஷ்டம்,” என்றார். “இப்ப யாரும் முழுசா எழுதுறதில்ல. பாசியை எடுத்துருங்க. சல்லடையை எடுத்துருங்க. ஒரு நோயாளி, ரத்தத்துல ஒரு நஞ்சு, முறிக்கிற மருந்து. இவ்வளவு போதும். எங்க காவலன் உடனே பதில் சொல்லிரும்.”

பாசியை எடுத்துவிட்டால் அந்த ஆலையை யார் மூடுவார்கள் என்று கேட்டாள். அது வேறு இதழின் எல்லை என்றார் அவர். சரி, இன்றே அனுப்புகிறேன் என்றாள்.

பொன்னுலிங்கம் குரலைத் தாழ்த்தினார். “எங்க எல்லையில மூணாவது பத்தி வாசிச்சீங்களாம்மா?”

வாய்விட்டு வாசித்தாள். நோயின் போக்கு முழுவதும் பதிவாகி முடிந்திருக்க வேண்டும். நோயாளி குணமாகியிருக்க வேண்டும், அல்லது இறந்திருக்க வேண்டும்.

இறந்த ஏழு பேரின் ரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை. பதினொரு பேரின் பதிவு போன வாரம்தான் தொடங்கியது. முதல் நாளிலிருந்து தினமும் ரத்தம் எடுத்து வைத்திருந்தது ஜெனிட்டாவுக்கு மட்டும்.

போனை வைத்தபோது ஜெனிட்டா கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்கவில்லை. மறுநாள் அவளைச் சுவாச இயந்திரத்தில் போட மருத்துவர் வந்தபோது, வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

“கிறுக்கு பிடிச்சிட்டாடி ஒனக்கு?” ரெக்சலின் குரல் உடைந்தது. “மெஷின்ல இருந்தா நாளு கெடைக்கும். இன்னும் நானூறு இதழ் இருக்கு.”

“ஒவ்வொண்ணுக்கும் மூணு நாளுல்லா? நான் மெஷின்ல ஆறு மாசம் கெடப்பேன். பக்கத்துக் கட்டிலு பவுலினுக்கு இன்னிக்கு முழங்கை வரைக்கும் வந்துட்டு.” ஜெனிட்டா மூச்சை இழுத்துப் பிடித்தாள். “இவளுவ எல்லாம் நீ எழுதி முடிக்கிறவரைக்கும் நிப்பாளுவளா? நீயே கணக்குப் போட்டுச் சொல்லு.”

ரெக்சலின் கைத்திரையைக் கவிழ்த்து வைத்தாள்.

“பரீட்சைக்குத்தான் ஒன்னால ஒரு நாளும் சுருக்கி எழுத முடியாது. இதையாவது சுருக்கி எழுதுக்கா.”

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றே காலுக்கு ஜெனிட்டாவின் மூச்சு நின்றது. ரெக்சலின் அவள் கையைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது தங்கைக்குத் தெரிந்திருக்காது. நேரத்தைக் குறித்தாள். கடைசி ரத்தத்தை எடுத்தாள். அதே கட்டிலோரம் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாள். பாசி இல்லை, செம்பு இல்லை, ஆலை இல்லை. அனுப்பினாள்.

காவலன் ஒரே ஒரு கேள்வி கேட்டது.

‘நோயாளியின் உறவினர் எழுதியவை இவ்விதழின் எல்லைக்குள் வரா. நோயாளிக்கும் தங்களுக்கும் உறவு உண்டா? தங்கள் விடை அரசின் உறவுப்பதிவேட்டில் ஏறும். பிறகு மாற்ற இயலாது.’

பதிவேட்டில் உறவில்லாதவருக்குப் பிணத்தைத் தர மாட்டார்கள். அரசு மின்மயானத்துக்குப் போய்விடும். அம்மாவை அடக்கிய கல்லறையில் பக்கத்து இடம் காலியாகவே கிடக்கும்.

பவுலின் முழங்கையைத் தூக்க முயன்று தோற்பதை ரெக்சலின் பார்த்தாள். ‘இல்லை’ என்பதைத் தொட்டாள்.

சுவரில் பேழையின் பூட்டு விலகியது. நர்ஸ் ஓடிப்போய் இரண்டாம் தட்டைக் காலி செய்தாள். ஊசி போட ஆள் போதவில்லை. ரெக்சலின் பவுலினின் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது தள்ளுவண்டியோடு வந்த ஊழியர் ஜெனிட்டாவை வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, கையிலிருந்த திரையைப் பார்த்தார். வார்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார்.

“இந்தம்மாவுக்கு யாரும் இல்லையா?”

பதினொரு பெண்களும் ரெக்சலினைப் பார்த்தார்கள். அவள் பவுலினின் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊசி ஏறியபோது பவுலினின் விரல்களில் ஒன்று லேசாக அசைந்து, ரெக்சலினின் உள்ளங்கையைத் தொட்டது. வண்டி அவள் முதுகுக்குப் பின்னால் கடந்து போனது.