வாய்க்கால் தெரு மேப்

தேவதர்ஷினி தன் வீட்டைத் தேடினாள். காணோம்.

செழியனின் வீட்டைத் தேடினாள். அதுவும் காணோம். வேப்பமரம், ஆட்டுப்பட்டி, மாரியம்மன் மேடை, ஒன்றையும் காணோம். ஒரு தெருவே காணாமல் போயிருந்தது!

பயந்துவிடாதீர்கள். நிஜத்தில் வாய்க்கால் தெரு பத்திரமாகத்தான் இருந்தது. அது காணாமல் போனது சரத்குமாரின் டேப்லெட்டில்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் வெள்ளேரிப்பட்டு வரும். அங்கே பஸ் நிறுத்தத்தை ஒட்டிச் சிவசங்கர் அண்ணனின் செல்போன் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளெல்லாம் அங்கேதான் மொய்ப்பார்கள். எல்லாம் ‘சாயச்சண்டை’ செய்கிற வேலை.

சாயச்சண்டை ஒரு துப்பாக்கி விளையாட்டு. குண்டுக்குப் பதில் சாயம் பீய்ச்சும். இரண்டு அணி. சாயம் பட்டவர் தொடங்கிய இடத்துக்கே போய் மறுபடியும் ஓடிவர வேண்டும். துப்பாக்கியில் சாயம் தீர்ந்தால் தொட்டிக்குப் போய் நிரப்பிக்கொள்ள வேண்டும். இதில் பெரிய குஷி எது தெரியுமா? சண்டை நடக்கிற இடத்தை, அதாவது மேப்பை, நாமே கட்டிக்கொள்ளலாம்.

எட்டாம் வகுப்பு சரத்குமார் அப்படி ஒரு மேப் கட்டியிருந்தான். அதன் பெயர் ‘நம்ம ஊரு’. கோயில், பள்ளிக்கூடம், பெரிய தெரு, பஞ்சாயத்து புதிதாகக் கட்டிய தண்ணீர் டேங்க் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. கிழக்கே வாய்க்கால் வந்ததும் ஒரு நெட்டைச் சுவர். அதோடு ஊர் முடிந்தது.

“அண்ணா, எங்க தெரு எங்க?” என்று கேட்டாள் தர்ஷினி.

“மேப்புனா ஒரு எல்லை வேணும். வாய்க்காலோட முடிச்சிட்டேன்” என்றான் சரத்.

“எல்லைய எங்க வூட்டுக்கு அந்தாண்ட போட வேண்டியதுதான?”

“அங்க இன்னா இருக்குது, மேப்புல வெக்க?”

சுற்றி இருந்த பையன்கள் சிரித்தார்கள். தர்ஷினிக்குக் காதெல்லாம் சுட்டது. அவள் படிப்பது ஆறாம் வகுப்புதான். ஆனால் கோபத்துக்கு வகுப்பு ஏது?

அதைவிட மோசமான சேதியைச் சிவசங்கர் அண்ணன் சொன்னார். காணும் பொங்கலுக்கு உறியடி, கயிறு இழுக்கும் போட்டியோடு இந்த வருஷம் சாயச்சண்டையும் உண்டாம். பெரிய திரை கட்டி ஊருக்கே காட்டப்போகிறார்களாம். அதுவும் இந்த மேப்பில்!

‘நம்ம ஊரு’ என்று பெயர் போட்டு, ஊரே உட்கார்ந்து பார்க்கும்போது, வாய்க்கால் தெரு இல்லாமல் காட்டுவார்களா? அம்மா பார்ப்பாள். தெருவே பார்க்கும். தர்ஷினிக்குப் பொறுக்கவில்லை.

“நான் வேற மேப் போடறேன்” என்றாள்.

“எதுல போடுவ? உங்கம்மாவோட ஒடஞ்ச போன்லயா?” என்று கேட்டான் சரத்தின் கூட்டாளி தமிழழகன்.

“ஒடஞ்சது கண்ணாடிதான். போனு நல்லாத்தான் இருக்குது.”

சிவசங்கர் அண்ணன் இரண்டு பேரையும் பார்த்தார். “சண்டை வாணாம். போகிக்கு மொத நாளு ரெண்டு மேப்பையும் ஆடிப் பாப்போம். ஆடறவங்களுக்கு எது புடிக்குதோ அதுதான் திரையில” என்றார்.

“சரிங்கண்ணா” என்றாள் தர்ஷினி. சரத் உதட்டைப் பிதுக்கினான். பிதுக்கட்டுமே!

அம்மா பெரியநாயகி கரும்பு வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் போன் தர்ஷினியின் கைக்கு வரும். முதல் நாள் அவள் ஒரே ஆவேசமாகக் கட்டினாள். வேப்பமரத்துக்கு ஒவ்வோர் இலையாக ஒட்டினாள். கூரைக்கு ஒவ்வோர் ஓடாக அடுக்கினாள். ஆட்டுக்குத் தாடிகூட வைத்தாள்.

“இன்னாடி இது, போனு தோசைக்கல்லாட்டம் சுடுது!” என்று அலறினாள் அம்மா. அடுத்த நொடி போன் அணைந்தே போனது. கட்டியதெல்லாம் போச்சு!

நீங்களும் மேப் கட்டப்போகிறீர்கள் என்றால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அழகு கடைசியில்தான். முதலில் வீடு, சுவர், மரம் எல்லாவற்றையும் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாக வைத்து ஆடிப் பார்க்க வேண்டும். ஆட்டம் சரியாக வந்தால்தான் மரத்துக்கு இலையும் ஆட்டுக்குத் தாடியும். தர்ஷினி இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

இரண்டாவது பாடத்தைக் கற்றுக் கொடுத்தவன் செழியன். பக்கத்து வீட்டுக்காரன், அவள் வகுப்புதான். அவன் வீட்டுப் போனில் அவனை ஆடிப் பார்க்கச் சொன்னாள். அவன் நேராக ஆட்டுப்பட்டிக்குள் போய் ஒளிந்தான். பட்டிக்கு ஒரே வாசல். வாசலில் நின்று தர்ஷினி சாயம் அடித்தாள். அவன் திரும்பி வந்து அங்கேயே ஒளிந்தான். அவள் மறுபடியும் அடித்தாள்.

“ஏ, வுடு! நானும் ஆடும் ஒண்ணா? பின்னால ஒரு சந்து வைய்யி!” என்று கத்தினான் செழியன்.

அதுவும் நியாயம்தான். உள்ளே போகிற இடத்துக்கெல்லாம் வெளியே வர இன்னொரு வழி வேண்டும். பட்டிக்குப் பின்னால் வாய்க்கால் கரைக்கு ஒரு சந்து வைத்தாள். நிஜத்திலும் அங்கே சந்து உண்டு. அவள்தான் மறந்திருந்தாள்.

தெரு நேராக இருந்ததால் ஒரு முனையில் நிற்பவன் மறுமுனை வரை சுட்டுத் தள்ளினான். நடுவில் கரும்பு ஏற்றிய டிராக்டரை நிறுத்தி மறைத்தாள். ஆடுகிறவர்கள் திசை தெரியாமல் முழித்தார்கள். மேற்கே வானத்தில் கல்வராயன் மலையைத் தூக்கி வைத்தாள். எங்கே நின்றாலும் மலை தெரியும். மலை தெரிந்தால் அது மேற்கு. பிறகு என்ன குழப்பம்?

கடைசியாக, வாய்க்கால் ஓரம் சரத் எழுப்பிய சுவர் அவள் மேப்பில் இல்லவே இல்லை. பெரிய தெருவும் இருந்தது, வாய்க்கால் தெருவும் இருந்தது. சாயம் நிரப்பும் தொட்டியாக ஊர்த் தண்ணீர் டேங்கையே, மேற்கே அது இருக்கிற இடத்திலேயே வைத்தாள். உள்ளது உள்ளபடி!

அந்த நாள் வந்தது. கடையில் எட்டுப் பேர், எட்டு போன். முதலில் சரத்தின் மேப். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளிக்கூட மாடியில் ஏறியவன் இறங்கவே இல்லை. அங்கிருந்தபடியே எல்லோரையும் நனைத்தான்.

அடுத்து தர்ஷினியின் மேப். கரும்பு டிராக்டரைச் சுற்றி ஓடினார்கள், பட்டியில் ஒளிந்தார்கள், சந்தில் நழுவினார்கள். ஒரே கும்மாளம்! தர்ஷினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திடீரென்று தமிழழகன் போனைக் கீழே வைத்தான்.

“போங்கு ஆட்டம் இது! மேற்கால இருக்கறவனுக்கு டேங்கு பக்கத்துலயே இருக்குது. நாங்க வாய்க்காத் தெருவுல இருந்து ஓடிக்கினே இருக்கறோம். போய்ச் சேர்றதுக்குள்ள சுட்டுடறானுங்க. டேங்க இம்மாம் தூரத்துல வெச்சா எவன் ஆடுவான்?”

தர்ஷினி திகைத்துப் போனாள். இதை அவள் யோசிக்கவே இல்லை. அந்தத் தூரம் அவள் கண்ணுக்குத் தூரமாகவே படவில்லை. எப்போதும் இருக்கிற தூரம்தானே!

“டேங்கு அங்கதான இருக்குது?” என்றாள் மெதுவாக.

சரத்துக்கு வாயெல்லாம் பல். “மேப் போடறதுல மொத விதியே இதுதான். ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். இதுகூடத் தெரியாம மேப் போட வந்துட்ட. யாராச்சும் இம்மாம் தூரம் போவாங்களா?”

“நாங்க போறோமே!”

சட்டென்று வந்துவிட்டது வார்த்தை. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

“எங்க தெரு பைப்புல தண்ணி ஏறாது. டேங்குக்குக் கீழ இருக்கற கொழாயிலதான் புடிக்கறோம். எங்கம்மா கரும்பு வெட்டிட்டு வந்து, இந்த வழியாத்தான் கொடத்தத் தூக்கிக்கினு போவாங்க, வருவாங்க. நானும்தான் போறேன். விளையாட்டுல ஓடறதுக்கே உங்களுக்குக் கால் வலிக்குதா?”

தமிழழகன் தன் போனை எடுத்துத் துடைத்தான். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

சிவசங்கர் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். “சரி தர்ஷினி, ஆட்டம்னா சமமாத்தான் இருக்கணும். டேங்கத் தூக்கி நடுவுல வெச்சுடு. ஒரு நிமிஷ வேலைதான?”

ஒரு நிமிஷம்கூட ஆகாது. தர்ஷினி டேங்கின்மேல் விரலை வைத்தாள். அவ்வளவு பெரிய டேங்க் பஞ்சு போலக் கிளம்பி விரலோடு வந்தது. வாய்க்கால் கரையில் கொண்டுவந்து பிடித்தாள். எவ்வளவு சுலபம்! அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

“வாணாம்ணா. டேங்கு அங்கயே இருக்கட்டும்.”

“அப்ப உன் மேப் தோத்துச்சு” என்றான் சரத்.

“ஏன் தோக்கும்? சமமா இருக்கணும், அவ்ளோதான? பாதி ஆட்டம் முடிஞ்சதும் பக்கம் மாத்திக்கலாம். எல்லாரும் ஒரு வாட்டி மேற்கால ஆடட்டும், எல்லாரும் ஒரு வாட்டி எங்க தெருவுல இருந்து ஓடட்டும். இதவிடச் சமம் இன்னா இருக்குது? நீ மொதல்ல எங்க தெருவுக்கு வா. வர்றியா, பயமா?”

பயமா என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பையன் சும்மா இருப்பானா? சரத் போனைப் பிடுங்காத குறையாக எடுத்தான். வாய்க்கால் தெருவிலிருந்து கிளம்பினான். டிராக்டருக்குப் பக்கத்தில் நனைந்தான். வாய்க்கால் பாலத்தில் நனைந்தான். சாயம் தீர்ந்து, டேங்குக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில் தொப்பலாக நனைந்தான். பிறகு பட்டிக்குப் பின்னால் இருக்கும் சந்தைக் கண்டுபிடித்தான். கரை ஓரமாகப் பதுங்கிப் பதுங்கிப் போய், வாய்க்காலைக் கடந்து, டேங்கைத் தொட்டுவிட்டான்!

“தொட்டுட்டேன்! தொட்டுட்டேன்!” என்று குதித்தான். கூரையில் தலை இடித்தது. “இன்னொரு ஆட்டம்!” என்றான்.

“எந்த மேப்புல?” என்று கேட்டார் சிவசங்கர் அண்ணன்.

சரத் தலையைத் தடவிக்கொண்டே, “இதுலயேதான்” என்றான். பாவம், பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

காணும் பொங்கலன்று பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளைத் திரை கட்டினார்கள். பொழுது சாய்ந்ததும் ஊரே வந்து உட்கார்ந்தது. முன்வரிசை நாற்காலியில் பஞ்சாயத்துத் தலைவர் கந்தசாமி. சரத்குமாரின் அப்பா அவர்தான். மேப் கட்டியவள் என்பதால் ஆட்டத்தை விவரித்துச் சொல்ல தர்ஷினியின் கையில் மைக் கொடுத்தார் சிவசங்கர் அண்ணன்.

திரையில் வாய்க்கால் தெரு தெரிந்ததும் பின்வரிசையில் ஒரே கூச்சல். “ஐய, நம்ம வூடு!” “எங்க ஆடுடா அது! தாடியப் பாரு!” பெரியநாயகி எழுந்தே நின்றுவிட்டாள்.

முதல் பாதியில் சரத்தின் அணி மேற்கே. டேங்க் பக்கத்தில் இருந்ததால் சாயத்துக்குப் பஞ்சமே இல்லை. கந்தசாமி தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். செழியனின் அணி ஓடி ஓடி நனைந்தது.

பிறகு பக்கம் மாறியது. இப்போது சரத் வாய்க்கால் தெருவில். ஓடினான், நனைந்தான். மறுபடியும் ஓடினான், சாயம் தீர்ந்தது. பட்டிச் சந்திலும் செழியன் காத்திருந்தான். தெருக்காரனுக்குத் தெரியாத சந்தா?

“ஓட்றா! ஓட்றா!” என்று கந்தசாமி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். மகன் மறுபடியும் நனைந்தான். அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று கத்தினார்.

“இன்னாம்மா அநியாயம் இது? யாரு இந்த டேங்க இம்மாம் தூரத்துல கொண்டாந்து வெச்சது?”

தர்ஷினி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“நீங்கதாங்க.”

அடுத்த நொடி பின்வரிசையிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. பிறகு நடுவரிசை. பிறகு பெரிய தெருக்காரர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கந்தசாமி திரையைப் பார்த்தார். டேங்கைப் பார்த்தார். வாய்க்கால் தெருவைப் பார்த்தார். இடையில் இருந்த தூரத்தை முதல் முறையாகப் பார்த்தார்.

“அது… பாப்போம்மா. பொங்கல் முடியட்டும்” என்றார்.

“எந்தப் பொங்கலுங்க?” என்று கேட்டது மைக்.

சிரிப்பு அடங்கவே இல்லை. சரத் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினான். “அப்பா, சீக்கிரம் சொல்லிட்டு உக்காருங்கப்பா! திரைய மறைக்கறீங்க!”

“இந்தப் பொங்கல்தாம்மா! தை முடியறதுக்குள்ள உங்க தெருவுக்குத் தனியா பைப்பு இஸ்துடறோம். போதுமா?” என்றார் கந்தசாமி.

“எல்லாருக்கும் கேட்டுச்சா?” என்றாள் தர்ஷினி மைக்கில்.

“கேட்டுச்சூ!” என்றது ஊர்.

அதற்கப்புறம்தான் மைக்கைச் சிவசங்கர் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தாள்.