வெலின் கையெழுத்துப் போடவில்லை

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

காலை ஏழு மணி பத்து நிமிடம். பல்கேரியாவில், ப்ளோவ்திவ் நகரத்தின் 'முதல் படி' இளம் தொழில்முனைவோர் உதவி மையத்தில், தரை துடைக்க வந்த ஸ்தோய்னா அலறினாள்.

வாளி கவிழ்ந்தது.

சோப்புத் தண்ணீர் பளிங்குத் தரையில் ஓடி, குப்புறக் கிடந்த இளைஞனின் தலைமுடியைத் தொட்டு, சிவந்து திரும்பியது.

மூன்றாவது மாடியிலிருந்து விழுந்திருந்தான். விழுந்த இடத்தில் தரையோடு ஒட்டிய பெரிய மஞ்சள் ஸ்டிக்கர். அதில் ஓர் அம்புக்குறி. கீழே கொட்டை எழுத்தில் - 'இங்கிருந்துதான் மேலே!'

அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டர் ஸ்லாத்தினா அந்த எழுத்தை இரண்டு முறை படித்தாள். வாய் கசந்தது. காபி குடிக்காமல் வந்ததால் வந்த கசப்பு இல்லை அது.

"பேரு வெலின், மேடம்." சார்ஜென்ட் மிஞ்சோ நோட்டைப் புரட்டினான். "வயசு இருபத்திரண்டு. பிசினஸ் காலேஜ், கடைசி வருஷம். ரோஜாத் தைலம் காய்ச்சினப்புறம் சக்கை மிஞ்சும்ல... லாரி லாரியா ஆத்துல கொட்டுவாங்களே... அதை அழுத்தி முட்டைத் தட்டு, பழப்பெட்டி எல்லாம் பண்ணலாம்னு கண்டுபிடிச்சிருக்கான். தண்ணி பட்டாலும் ஊறாதாம். கூட ஒரு பொண்ணு பார்ட்னர்."

"எப்ப விழுந்தானாம்?"

"நேத்து சாயங்காலம் ஏழுலேர்ந்து ஏழரைக்குள்ளன்னு டாக்டர் சொல்றார்."

"தானாவா?"

"மேல கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு மேல வருது, மேடம். நடந்து போறவன் தவறி விழ முடியாது. ஏறி உட்கார்ந்திருந்தா ஒரு தள்ளு போதும்."

மேலே நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மாடிச் சுவர்களிலும் வாசகங்கள். 'தோல்வியைக் கட்டித் தழுவு.' 'பயப்படாமல் குதி.'

"இதை எழுதினவனை முதல்ல உள்ள போடணும்யா."

"அவரே வர்றார், மேடம்."

மையத்தின் டைரக்டர் அனஸ்தாஸ் வந்தார். ஐம்பது வயது. கோட்டு சூட்டுக்குக் கீழே பள்ளிக்கூடப் பையன் மாதிரி வெள்ளை ஷூ.

"ரொம்ப வேதனையா இருக்கு, மேடம். எங்க குடும்பத்துல ஒருத்தனை இழந்துட்டோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஒன்றும் இல்லை. "ஒரு சின்ன வேண்டுகோள். பத்து மணிக்கு வெளிநாட்டுலேர்ந்து பார்வையாளர் குழு வருது. அதுக்குள்ள இதை எடுத்துடலாமா?"

"எதை?"

"அதான்... இதை."

வெள்ளை ஷூவின் நுனி வெலின் பக்கம் திரும்பி நின்றது.

ஸ்லாத்தினா அந்த ஷூவைப் பார்த்தாள். இருபது வருட வேலையில் எத்தனையோ பிணங்கள் பார்த்தவள். பிணங்கள் அவளை ஒருபோதும் குமட்ட வைத்ததில்லை.

"வெலின் பேர்ல ஒரு விருது ஆரம்பிக்கிறோம், மேடம். அறிவிப்பு எழுதியாச்சு. படிச்சுக் காட்டட்டுமா?"

"அவனை நாங்க இன்னும் புரட்டிக்கூடப் பார்க்கல, சார்."

"நம்ம வேலையில வேகம்தான் முக்கியம்."

"தெரியுது."

*

வெலினின் பார்ட்னர் தெனித்சா இரண்டாம் மாடியில், மூட்டை மாதிரியான ஒரு சிவப்பு மெத்தையில் புதைந்து கிடந்தாள். இருபத்தொரு வயது. அழுது அழுது மூக்கு அந்த மெத்தையின் நிறத்துக்கு வந்திருந்தது.

"ஏதாவது சாப்பிட்டியாம்மா?"

"இல்ல..."

மிஞ்சோ தனக்கென்று வாங்கி வைத்திருந்த பனிட்சா பலகாரத்தைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தான். பாலாடைக்கட்டி வாசனை அறையில் பரவியது. தெனித்சா அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"இன்னிக்கு பன்னெண்டு மணிக்கு நோட்டரி ஆபீஸ்ல ஒப்பந்தம், மேடம். மூணு நாள் முன்னாடி வியன்னாவுலேர்ந்து வந்திருக்கிற ப்ராண்ட்னர்னு ஒருத்தர் எங்க யோசனையில முதல் போடறதா இருந்துச்சு. வெலின் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டான். ஏன்னு சொல்லல. இப்ப அவனே இல்ல... நான் என்ன பண்ணுவேன்?"

அனஸ்தாஸ் கதவோரம் எட்டிப் பார்த்தார். "அவங்க கூட்டு ஒப்பந்தத்துல ஒரு விதி இருக்கு, மேடம். ஒருத்தர் இல்லேன்னா மத்தவர் கையெழுத்தே போதும்."

"யார் எழுதின விதி?"

"எல்லாப் பசங்களுக்கும் நாங்கதான் எழுதித் தருவோம். இலவசமா."

மேஜையில் கிடந்த ப்ராண்ட்னர் ஒப்பந்தத்தின் நகலை ஸ்லாத்தினா படித்தாள். நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தினாள்.

"கண்டுபிடிப்பு முழுசும் ப்ராண்ட்னருக்குப் போயிடுது. பசங்களுக்கு என்ன?"

"அனுபவம், மேடம்."

ஸ்லாத்தினா அவர் முகத்தைப் பார்த்தாள். மனிதர் சிரிக்கவில்லை. உண்மையாகவே சொல்லியிருந்தார்.

"ஒரு வாரம் தள்ளிப் போடலாமே?"

"மூணு மணிக்கு அவருக்கு விமானம். போனா போனதுதான்."

அதாவது, பன்னிரண்டு மணிக்கு இந்தப் பெண் கையெழுத்துப் போட்டால் வெலினின் கண்டுபிடிப்பு போகும். மூன்று மணிக்கு வெளிநாட்டுக்காரனும் போவான். மிஞ்சுவது தரையில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்.

ஸ்லாத்தினா குனிந்து தெனித்சாவின் தோளைத் தொட்டாள்.

"யார் என்ன சொன்னாலும் சரி. நான் சொல்ற வரைக்கும் நீ பேனாவைத் தொடாதே. புரிஞ்சுதா?"

"சரி, மேடம்."

*

ப்ராண்ட்னர் பத்தே முக்காலுக்குத்தான் வந்தார். நரைத்த தாடி. தங்க பிரேம் கண்ணாடி. ஜெர்மன் மட்டும்தான் பேசினார். அனஸ்தாஸ் மொழிபெயர்த்தார்.

"நேத்து சாயங்காலம் வெலினைச் சந்திச்சீங்களான்னு கேளுங்க."

அனஸ்தாஸ் கேட்டார்.

"நைன்," என்றார் ப்ராண்ட்னர்.

"இல்லையாம், மேடம்."

ஸ்லாத்தினா எழுதுவதை நிறுத்தினாள்.

நைன் என்று சொன்ன அதே நொடியில், ப்ராண்ட்னரின் தலை மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டியிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் 'ச்' என்று சொடுக்கியிருந்தது. மிஞ்சோ 'இல்லை' சொன்னால் அப்படித்தான் சொல்வான். அவளும் அப்படித்தான். பல்கேரியாவில் பிறந்த எவரும் அப்படித்தான்.

"காபி சாப்பிடறாரான்னு கேளுங்க."

"யா, யா," என்றார் ப்ராண்ட்னர். தலை இடமும் வலமுமாக இதமாக ஆடியது.

வியன்னாவில் அது 'இல்லை'; இந்த ஊர் முழுக்க 'ஆமாம்' சொல்லும் ஆட்டம்.

ஸ்லாத்தினா பேனாவை மூடினாள்.

"மிஞ்சோ, எங்க அண்ணி எந்த ஊருய்யா?"

"உக்ரைன், மேடம்."

"இங்க வந்து எத்தனை வருஷமாச்சு?"

"பதினெட்டு இருக்கும்."

"பதினெட்டு வருஷமா ரொட்டிக்கடையில வேணாம்னு தலையாட்டிட்டு தினமும் ரெண்டு ரொட்டி கூட வாங்கிட்டு வர்றா. வியன்னாக்காரர் மூணே நாள்ல நம்ம தலையாட்டலை எப்படிய்யா பிடிச்சார்?"

அனஸ்தாஸின் முகம் வெளுத்தது. "அவர்... அவர் ரொம்பக் கூர்மையானவர், மேடம். எதையும் சட்டுனு..."

"நீங்க வாயை மூடுங்க." வியன்னாக்காரரின் மூக்குக்கு எதிரே குனிந்தாள். சுத்தமான பல்கேரிய மொழியில் கேட்டாள். "எந்த ஊருய்யா நீ?"

தாடி நடுங்கியது.

"யாம்போல், மேடம்."

"பேரு?"

"ஸப்ரியான். பொம்மை நாடகக் கம்பெனியில இருக்கேன். கரடிக்குக் குரல் கொடுப்பேன். நாலு வருஷம் வியன்னாவுல ஹோட்டல்ல பாத்திரம் கழுவினேன், அங்க கத்துக்கிட்ட ஜெர்மன்..."

"யார் வேஷம் கட்டினது?"

ஸப்ரியான் அனஸ்தாஸைப் பார்த்தான். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

"இதுவரைக்கும் எத்தனை பசங்க?"

"என்னோடது பதினாலு, மேடம். ஒரு தடவை டேனிஷ்காரனா வந்தேன். பசங்க கையெழுத்துப் போட்டதும் யோசனை இவரோட மச்சான் கம்பெனிக்குப் போயிடும். இவர் அதை நிஜமான ஆளுங்களுக்கு வித்துடுவார்."

மிஞ்சோ மிச்சமிருந்த பனிட்சாவைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டான். சாப்பிடத் தோன்றவில்லை.

"பதினாலு பசங்க..." ஸ்லாத்தினா அனஸ்தாஸைப் பார்த்தாள். செருப்பில் ஒட்டிக்கொண்டதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "உதவி மையம்னு போர்டு. உள்ள உட்கார்ந்துக்கிட்டு வர்றவன் போறவன் மண்டையைத் துழாவிட்டு இருக்கீங்க. வெலினுக்குத் தெரிஞ்சு போச்சு. இல்லையா?"

"என் குரல்ல கண்டுபிடிச்சுட்டான், மேடம்." ஸப்ரியானின் குரல் உடைந்தது. "அவனும் யாம்போல் பையன். சின்ன வயசுல என் கரடியைப் பார்க்க மாசாமாசம் வருவானாம். நேத்து ஆறரைக்கு இங்க வரச் சொன்னான். 'சார், ஒரே ஒரு தடவை அந்தக் கரடி மாதிரி பேசுங்க'ன்னான். பேசினேன். விழுந்து விழுந்து சிரிச்சான். அப்புறம், 'காலையில போலீசுக்குப் போறேன், கோவிச்சுக்காதீங்க'ன்னான். நான் கிளம்பறப்போ கைப்பிடிச் சுவர் மேல உட்கார்ந்து கால் ஆட்டிட்டு இருந்தான்."

"நீ போனது எத்தனை மணிக்கு?"

"ஏழுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும். ஏழு அஞ்சுக்குப் பக்கத்துப் பார்க்ல ஷோ. நூறு குழந்தைங்க சாட்சி, மேடம்."

"நானும் ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும் ஹோட்டல்ல மேடையில இருந்தேன்," அனஸ்தாஸ் முந்திக்கொண்டார். "இருநூறு பேர் பார்த்தாங்க. 'நேர்மையே முதலீடு'ன்னு பேசினேன்."

மிஞ்சோ வெளியே போய் இரண்டு போன் பேசிவிட்டுத் திரும்பினான்.

"ரெண்டும் சரியா இருக்கு, மேடம். ரெண்டு பேரும் தள்ளல. அப்ப யாரு?"

"அது அப்புறம். முதல்ல அந்தப் பொண்ணைக் காப்பாத்தணும். எங்க அவ?"

"இல்லையே... பதினொண்ணு இருபதுக்கே டாக்சி பிடிச்சு நோட்டரி ஆபீஸ் போயிட்டாளாம். ஸ்தோய்னா அக்கா பார்த்திருக்காங்க."

"மிரட்டி அனுப்பினீங்களா?"

"சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல," என்றார் அனஸ்தாஸ். முதல் முறையாக அவர் முகம் உண்மை பேசியது.

ஸப்ரியானை ஒரு கான்ஸ்டபிளிடம் ஒப்படைத்தார்கள். அனஸ்தாஸை விலங்கு மாட்டி ஜீப்பின் பின்சீட்டில் ஏற்றினார்கள். தெனித்சாவின் போன் அணைக்கப்பட்டிருந்தது.

மணி பதினொன்று ஐம்பது.

மிஞ்சோ ஜீப்பை ஊரின் எல்லாச் சந்துகளிலும் புகுத்தினான்.

*

நோட்டரி அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்லாத்தினா நுழைந்தபோது, தெனித்சாவின் கையில் பேனா இருந்தது. நாலாவது பக்கம் விரிந்து கிடந்தது.

"போடாதேம்மா! அந்த ஆள் போலி. வியன்னாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் உன் டைரக்டரோட நாடகம்."

தெனித்சாவின் கை நின்றது. உதடு துடித்தது. கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"நல்லவேளை வந்தீங்க, மேடம்..."

ஸ்லாத்தினா அவள் தலையைத் தடவினாள். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஒரு பிள்ளையையாவது காப்பாற்றியாகிவிட்டது.

மேஜைக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு முறைத்தாள்.

"அப்ப இதையும் கிழிக்கணுமா? என்னம்மா நீ, விளையாடறியா? ரெண்டு பேர் பேர் போட்டு ஒழுங்கா தயார் பண்ணி வெச்சிருந்தேன். ஒருத்தர்தான்னு சொன்னே. எல்லாத்தையும் மாத்தி அடிச்சேன். இப்ப அதுவும் வேண்டாமா?"

"பாவம்மா. கூட இருந்த பையன் செத்துப் போயிட்டான். காலையில அவ எந்த மனநிலையில சொன்னாளோ..."

"காலையிலயா?" குமாஸ்தா அம்மாள் தன் போனை எடுத்து மேஜையில் தள்ளினாள். "நேத்தே சொல்லிடுச்சுங்க. பாருங்க."

ஸ்லாத்தினா பார்த்தாள்.

'நாளைக்கு ஒருத்தர் மட்டும்தான் வருவோம். தாள்களை மாற்றி வைக்கவும். நன்றி. - தெனித்சா.'

நேற்று மாலை. மணி ஏழரை.

தலையைத் தடவிக்கொண்டிருந்த கை மெதுவாக விலகியது.

வெலினின் உடலை ஸ்தோய்னா பார்த்தது இன்று காலை ஏழு பத்துக்கு.

"தெனித்சா," ஸ்லாத்தினாவின் குரல் இறங்கியிருந்தது. "அவன் வரமாட்டான்னு நேத்து ஏழரைக்கே உனக்கு எப்படித் தெரியும்?"

தெனித்சா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பெண்ணின் கண்ணில் தளும்பிய நீர் வற்றிவிட்டது. அப்படி வறண்ட கண்ணை ஸ்லாத்தினா அன்று காலைதான் அனஸ்தாஸிடம் பார்த்திருந்தாள்.

"ஏதாவது மாறினா உடனே சம்பந்தப்பட்டவங்களுக்குத் தெரியப்படுத்தணும், மேடம். எங்க மையத்துல முதல் மாசமே சொல்லித் தருவாங்க."

"ஏன்மா... ஏன்?"

"நான் மேல வந்தப்ப சிரிச்சுட்டு இருந்தான். ப்ராண்ட்னர் போலி, காலையில போலீசுக்குப் போறேன்னான். வேணாம்னு கெஞ்சினேன். இந்தக் கையெழுத்து விழுந்தா எனக்குத் துணை டைரக்டர் வேலைன்னு சார் சொல்லியிருந்தார்."

"அந்த ஆளே போலின்னு தெரிஞ்சப்புறமுமா?"

"ஆள் போலிதான்." தெனித்சா பேனாவை மூடி, ஒழுங்காக மேஜையில் நேர்ப்படுத்தி வைத்தாள். "வேலை நிஜம், மேடம்."

ஸ்லாத்தினா கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். இரண்டு முறை.

தெனித்சாவையும் விலங்கு மாட்டி வெளியே கூட்டி வந்தபோது, ஜீப்பின் பின்சீட்டில் விலங்கோடு உட்கார்ந்திருந்த அனஸ்தாஸின் வாய் பிளந்தது.

"இவளா? இவளா தள்ளினா? நம்பவே முடியல, மேடம். எங்க மையத்தோட முதல் மாணவி இவ..."

ஸ்லாத்தினா அவளை அவருக்குப் பக்கத்திலேயே ஏற்றிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"ஆமா சார். முதலீட்டாளர் இல்ல, பார்ட்னர் இல்ல... உங்ககிட்ட படிச்சதுல சொந்தமா ஒரு காரியத்தை ஆரம்பிச்சு முடிச்சது இவ ஒருத்திதான்!"