மூன்றாவது வேண்டாம்

சிவமலர் மாமியின் மணிக்கட்டு அதற்குள் சிவந்துவிட்டது. அவர் என் கையை விடவில்லை. நானும் வாயை மூடவில்லை. “ஆரபி மூன்று முறை மறுத்துவிட்டார். பணத்தை வலிந்து திணித்ததால் உங்கள் செலுத்துமணி உறங்க வைக்கப்படுகிறது” என்று ஜெர்மனியின் எசன் நகரிலுள்ள எங்கள் வீட்டு வாசற்கதவு மிக மரியாதையாக அறிவித்தது.

ஆரபி நான்தான். தப்பும் என்னுடையதுதான். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

செலுத்துமணி மணிக்கட்டுத் தோலுக்கடியில் அரிசியளவு இருக்கும்; தூங்கினால் சிவப்பாக ஒளிரும். பணம், ரயில் சீட்டு, கழிப்பறைச் சாவி எல்லாம் அதுதான். கையைப் பிடித்தால் பணம் மாறிவிடும். முன்பு திருடர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கள்ளப்பணம் ஏற்றினார்களாம். அதற்காக வந்ததுதான் ஐரோப்பிய இசைவுச் சட்டம். வாங்குபவர் மூன்று முறை மறுத்தால் கொடுப்பவரின் மணி தூங்கிவிடும்.

விடைபெறும்போது மாமி ஐம்பது யூரோ தந்தார். உடனே வாங்கினால் காணாததைக் கண்ட பிள்ளை என்பார்கள். அம்மா பழக்கியபடி வேண்டாம் மாமி, வேண்டாம் மாமி, வேண்டாம் மாமி என்றேன். மறுநாள் காலையில் பிரான்சின் லியோனில் அவர் மகளுக்குப் பதிவுத் திருமணம். ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. மணி தூங்கினால் ரயில் கதவு திறக்காது.

“நான் என்ன களவே எடுத்தனான்? குடுத்தனான்” என்று மாமி கதவிடம் கேட்டார்.

கதவு நடுவர் இயந்திரத்தை அழைத்தது. எங்கள் ஆட்கள் முதலில் வேண்டாம் என்பார்கள், பிறகு வாங்குவார்கள் என்று அம்மா விளக்கினார். எத்தனையாவது வேண்டாமில் சம்மதம் தொடங்குகிறது என்று அது கேட்டது. அம்மா மூன்று என்றார்.

“மூண்டோ? உன்ரை கலியாணத்துக்கு நான் காப்புப் போடேக்கை நீ ஏழுதரம் வேண்டாமெண்டனீ” என்றார் மாமி.

பண்பாட்டு விலக்கு என்று ஒரு விதி இருந்தது. ஒரு குடும்பம் ஓர் எண்ணைப் பதிந்தால், அத்தனையாவது வேண்டாம் சம்மதமாகிவிடும். அம்மா என் பெயரையும் சேர்த்து மூன்று என்று பதிந்தார். மாமியின் மணிக்கட்டு பச்சையானது. ஐம்பது யூரோ எனக்கு வந்தது. மாமி ஓடிப்போய் ரயிலைப் பிடித்துவிட்டார்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. காப்புறுதி விற்கும் குரல் ஒன்று சமையலறைச் சுவரில் கூப்பிட்டது. அம்மா வழக்கம்போல் வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று துரத்தினார். குரல் நன்றி சொன்னது. பூனைக்கு இருபது வருடக் காப்புறுதி. எங்களிடம் பூனை இல்லை.

விலக்கை நீக்க ஐந்து வருடம் காத்திருக்க வேண்டுமாம்.

“இனி ரெண்டு தரத்தோட வாயை மூடு” என்றார் அம்மா.

முதலில் நானும் சிரித்தேன். இப்போது தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கு நினைவுச்சில்லு விற்க வருகிறார்கள். வாங்கினால் அன்றைக்கே தலைக்குள் பொருத்திவிடுவார்கள். எனக்கு அது பயம். இரண்டு முறை மறுத்தாலும் மறுபடி கேட்பார்கள். பேசாமலிருந்தால் யோசிக்கிறாள் என்று இன்னும் கேட்பார்கள்.

உண்மையாகவே வேண்டாம் என்றால், அதை நான் எப்படிச் சொல்வது?