முக்கால் மணி அடுப்பு

கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது.

கழுவித் துடைத்து, பளபளவென்று, சமையலறை மேடையில் அம்மாவின் பக்கம் வைக்கப்பட்டிருந்தது. மஹதி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு பேரீச்சம்பழம்கூட இல்லை.

"அம்மா, நஸீரா ஆன்ட்டி கிண்ணத்தை வெறுமனே வெச்சிட்டுப் போயிருக்காங்க!"

அம்மா கிண்ணத்தை வாங்கிப் பார்த்தாள். அதை அலமாரியில் கவிழ்த்தாள். இந்த வீட்டில் அந்தக் கிண்ணம் சாம்பாரோடு போனால் அல்வாவோடு வரும். ரசத்தோடு போனால் சுண்டலோடு வரும். சும்மா வந்ததே கிடையாது.

வீடு என்றால் துபாய் கராமாவில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடி. ஒரே கூடத்தை நடுவில் பிளைவுட் பலகை அடித்து இரண்டு அறையாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் மஹதி, அப்பா கௌரிசங்கர், அம்மா நளினி. அந்தப் பக்கம் நஸீரா ஆன்ட்டியும் அங்கிளும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் இருமுவார்கள். அவ்வளவு மெல்லிய பலகை.

சமையலறை ஒன்றுதான். அதனால் அடுப்புக்கு முறை உண்டு. காலையும் மாலையும் ஆளுக்கு முக்கால் மணி நேரம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், அன்று பத்து மணியிலிருந்து பகல் முழுக்க நஸீரா ஆன்ட்டியின் பிரியாணிக்கு.

அந்த முறையிலிருந்து பிறந்ததுதான் அம்மாவின் வலைப்பூ. பெயர், 'முக்கால் மணி அடுப்பு'. திருச்சியில் அம்மா ஒரு பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தாள். துபாய்க்கு வந்ததும் அவளுடைய விசாவில் 'ஹவுஸ் வைஃப்' என்று அடித்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் அம்மா அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டுவாள். பிறகு ஒரு நாள் அப்பா பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்தார். தமிழில் தட்டச்சு செய்ய மஹதி சொல்லிக் கொடுத்தாள். அம்மா எழுத ஆரம்பித்தாள். முக்கால் மணிக்குள் முடியாத சமையலுக்கு அங்கே இடமில்லை.

ரூமில் தங்கித் தாங்களே சமைத்துக்கொள்ளும் அண்ணன்கள் எங்கெங்கோ இருந்து படித்தார்கள். தோஹாவிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் நன்றி சொல்லி எழுதினார்கள். அம்மாவின் உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. அங்கே அவள் பெயர் 'கராமாக்காரி'.

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு மாத இதழ் அம்மாவுக்கு மெயில் அனுப்பியது. மாதாமாதம் எழுத வேண்டும். சொந்தப் பெயரில் வரும். சம்பளமும் உண்டு. "எனக்கு வேலை கிடைச்சிருக்கு" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்ததும் முதல் தடவை சொல்வது போல மறுபடியும் சொன்னாள்.

ஒரே ஒரு நிபந்தனை. அதே சமையலறையில், அதே அடுப்பில் அம்மா சமைப்பது போல ஒரு படம் வேண்டும். படம் எடுக்கும் தாமரை என்பவர் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருவார். மாலையே மஸ்கட்டுக்குப் பறந்துவிடுவார். சனிக்கிழமை இதழ் அச்சுக்குப் போகிறது. படம் இல்லையென்றால் அந்தப் பக்கம் வேறொருவருக்கு.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி யாருடைய முறை என்று உங்களுக்கே தெரியும்.

வேறு சமயமாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் இந்த வாரம் முழுக்க நஸீரா ஆன்ட்டி பேசவில்லை. நேற்று அம்மா கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை என் முறை" என்று பதில் வந்தது. அந்தப் பக்க வாசலில் தொங்கும் திரை மூடிக்கொண்டது.

இன்றுதான் வெள்ளிக்கிழமை.

மஹதிக்கு வயது பதினொன்று. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. நேரே போய்த் திரையை விலக்கினாள்.

"ஆன்ட்டி, அம்மா மேல கோபமா?"

நஸீரா ஆன்ட்டி தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு மலையே குவிந்திருந்தது. கத்திதான் டக் டக்கென்று பேசியது.

"சொல்லுங்க ஆன்ட்டி. நாங்க என்ன செஞ்சோம்?"

"என் தம்பி கலீலு ருவைஸ்ல வேலைக்கு வந்திருக்கான்ல" என்று ஆன்ட்டி தலை நிமிராமல் ஆரம்பித்தார். "ஞாயித்துக்கிழமை போன் பண்ணினான். இன்டர்நெட்டுல ஒண்ணு படிச்சானாம். 'லாத்தா, கராமாவில குக்கர் ராணின்னு ஒருத்தவங்க இருக்காங்களாம். அவங்க சிவப்புக் குக்கர் விசிலடிச்சா மாடியே எழுந்து நிக்குமாம். முறை முடிஞ்சாலும் அடுப்பை விட மாட்டாங்களாம்'னு அவன் அக்கா என்கிட்டயே சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறான்."

மஹதி திரும்பிப் பார்த்தாள். அலமாரி மேல் புத்தம் புதிய சிவப்புக் குக்கர் இருந்தது.

"அது நான்தான்னு அவனுக்குத் தெரியாது புள்ள. நான் என்ன செய்வேன்? கூடச் சேர்ந்து நானும் சிரிச்சேன். போனை வெச்ச பிறகு அழுதேன்."

ஆன்ட்டி முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்துக்காகத்தான் என்று நினைத்துக்கொள்ள மஹதிக்கு ஆசையாக இருந்தது. அந்தப் பதிவை அம்மா எழுதியபோது அவளும்தான் சிரித்தாள்.

"இன்னிக்கு அவன் முதல் தடவையா இந்த வீட்டுக்கு வர்றான். பிரியாணி செய்யணும். போ, எனக்கு வேலை இருக்கு."

மஹதி வந்து எல்லாவற்றையும் அம்மாவின் காதில் சொன்னாள். பலகைக்குக் கேட்காமல் சொல்வது அந்த வீட்டில் தனிக் கலை.

அம்மா கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோஹாவில் படிக்கிறார்கள், மஸ்கட்டில் படிக்கிறார்கள் என்று பூரித்துப்போனவளுக்கு, தன் எழுத்து பலகைக்கு அந்தப் பக்கமும் போய்ச் சேரும் என்று தோன்றவே இல்லை.

"இப்பவே போய் மன்னிப்புக் கேளும்மா."

"இப்ப கேட்டா அடுப்புக்காகக் கேட்ட மாதிரி இருக்கும், மஹதி. படமெல்லாம் முடியட்டும். அப்புறம் கேக்கறேன்."

"அடுப்பே இல்லையே, படம் எப்படி முடியும்?"



அப்பா தலையைச் சொறிந்தார். "எங்க மேனேஜர் வீட்டுச் சமையலறை பெரிசு, நளினி. சலவைக்கல் மேடை. அங்கே போய் எடுத்துக்கலாமே?"

"அந்த அடுப்புல எனக்கு ஏதுங்க முறை? முக்கால் மணி அடுப்புன்னு எழுதிட்டு அங்க போய் நின்னா, படிக்கிறவங்களை ஏமாத்தற மாதிரி இல்ல?" அம்மா எழுந்தாள். "படமெடுக்கற பொண்ணுக்குப் போன் போட்டேன், எடுக்கலை. கீழேயே நின்னு, வந்ததும் வேண்டாம்னு சொல்லி அனுப்பிடறேன். இங்க மேலே வரவெச்சு நஸீராவைச் சங்கடப்படுத்த வேண்டாம்."

கராமாவில் எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி இருக்கும். வருகிறவரை யாராவது தெருவில் நின்று கையசைத்து அழைத்தால்தான் உண்டு. அதனால் அப்பாவும் கூடவே இறங்கினார்.

மஹதி தனியாக நின்றாள். மணி பத்தே முக்கால்.

கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. அவளுக்குக் கடவுச்சொல் தெரியும். குக்கர் ராணி பதிவைத் தேடிப் பிடித்தாள். அழித்துவிட்டால்? ஒரே அழுத்து. 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. மஹதியின் விரல் மவுஸின் மேல் நின்றது.

அழித்தால் பதிவு போய்விடும். ஆன்ட்டியின் அழுகை போகுமா?

அவள் 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். என்ன செய்வதென்று தெரியாமல் பழைய பதிவுகளைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள். நோன்புக் கஞ்சியில் வந்து நின்றாள்.

அது நஸீரா ஆன்ட்டி சொல்லிக் கொடுத்த கஞ்சி. 'ஒரு தோழி சொன்ன பக்குவம்' என்று அம்மா எழுதியிருந்தாள். வேறு எந்தப் பதிவுக்கும் இத்தனை பின்னூட்டங்கள் இல்லை. மஹதி ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்றைப் படித்ததும் நாற்காலியை இழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் டக் டக் டக்.

மஹதி தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் படிப்பது போலச் சத்தமாகப் படித்தாள்.

"'அக்கா, நாலு தடவை செஞ்சாச்சு. எங்க ரூம்ல இப்ப நான்தான் சமையல்காரன். கார்மேகம், தோஹா.'"

டக் டக் டக்.

"'காய்ச்சல்ல படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் இதைப் பார்த்து வெச்சுக் கொடுத்தார். இந்தப் பக்குவம் சொன்ன உங்க தோழி நல்லா இருக்கணும்.'"

டக். டக்.

"'புதினாவைக் கடைசியில போட்டு மூடி வைக்கிறது எங்க லாத்தா கைப்பழக்கம். ரூம்ல ஆறு பேர் குடிச்சோம். எனக்கு வீட்டு ஞாபகம் வந்து பாதியில எழுந்து போயிட்டேன். எங்க வீட்டு ருசி உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? கலீலுர் ரஹ்மான், ருவைஸ்.'"

கத்திச் சத்தம் நின்றுவிட்டது.

திரை விலகியது. நஸீரா ஆன்ட்டி கையில் கத்தியோடு நின்றார்.

"அந்தக் கழுதை இதை எனக்குப் படிச்சுக் காட்டலியே!"

"கஞ்சி உங்களோடதுன்னு அவருக்குத் தெரியாதே ஆன்ட்டி."

ஆன்ட்டி கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். அந்த வரிகளைத் தானே ஒரு முறை படித்தார். பிறகு மேலே பார்த்தார்.

"இதுல என் பேரு எங்க?"

மஹதிக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "இல்ல ஆன்ட்டி. தோழின்னுதான் இருக்கு."

"குக்கர் ராணின்னு பேரு வைக்கத் தெரிஞ்சுது. நஸீரான்னு எழுதத் தெரியலையா?"

"தப்புதான் ஆன்ட்டி" என்றாள் மஹதி. "அடுப்பு கேக்கறதுக்காக இதைப் படிக்கல. நீங்க பிரியாணியே செய்யுங்க. அம்மா படம் வேண்டாம்னு சொல்லத்தான் கீழே போயிருக்காங்க. ஆனா இந்த வார்த்தையெல்லாம் உங்களுக்கு வந்தது. உங்ககிட்ட சேர்க்கணும்ல?"

ஆன்ட்டி வெங்காயத் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டது. எண்ணெய் சுர்ரென்றது. அவ்வளவுதான், முடிந்தது என்று மஹதி நினைத்தாள்.

"மஹதீ!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஒரு கையால வெங்காயத்தைக் கிண்டி, ஒரு கையால கறி அலச எனக்கு என்ன நாலு கையா இருக்கு? உங்கம்மாவைக் கூப்பிடு!"

மஹதி பாய்ந்தாள். லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்றது. யாரோ ஃபிரிட்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படிகளில் ஓடினாள். ஒரு செருப்பு இரண்டாவது மாடியிலேயே தங்கிவிட்டது.

தெருவில் ஒரு டாக்சி. தோளில் கேமரா மாட்டிய பெண் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். அம்மா கை கூப்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! நஸீரா ஆன்ட்டி கூப்பிடறாங்க! வெங்காயம் கருகுதாம்!"

அம்மா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். தாமரையும் ஓடினார். டாக்சிக்காரருக்குப் பணம் கொடுக்க அப்பாதான் மிஞ்சினார்.

சமையலறையில் ஆன்ட்டி அகப்பையை நீட்டினார்.

"நஸீரா, அந்த..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"கிண்டு முதல்ல. சண்டையை அப்புறம் போட்டுக்கலாம்."

தாமரை படம் எடுத்தார். "எனக்கு முகம் வேண்டாம், கை மட்டும் வரட்டும்" என்றார் ஆன்ட்டி. அதனால் படத்தில் அம்மாவும், புதினா கிள்ளும் இரண்டு கைகளும், சிவப்புக் குக்கரும் விழுந்தார்கள்.

"பேரு?" தாமரை பேனாவைத் திறந்தார்.

"நளினி. இந்தக் கை நஸீராவோடது. அதையும் போடணும்."

"நீங்க என்ன வேலை செய்யறீங்கன்னு போடட்டும்?"

அம்மா கிண்டுவதைச் சட்டென்று நிறுத்திவிட்டாள். மஹதி அவள் முகத்தையே பார்த்தாள்.

"எழுதறேன்" என்றாள் அம்மா. "எழுத்தாளர்னு போடுங்க."

தாமரை போய், கதவு சாத்தியதும் அம்மா திரும்பினாள்.

"நஸீரா, படம் முடிஞ்சாச்சு. இனிமே எனக்கு உன்கிட்ட ஆகவேண்டியது ஒண்ணுமில்ல. அதனால இப்ப கேக்கறேன். என்னை மன்னிச்சுடு. ரொம்பத் தப்பா எழுதிட்டேன். அந்தப் பதிவை எடுத்துடறேன்."

"எடுக்காதே. நல்லாத்தான் எழுதியிருக்கே, பாவி" என்றார் ஆன்ட்டி. "கஞ்சிக்குக் கீழே என் பேரைப் போடு. குக்கருக்குக் கீழேயும் போடு."

கலீல் வந்து சேர்ந்தபோது பிரியாணி தயாராக இருந்தது. அதற்குத் தொட்டுக்கொள்ளும் தால்ச்சா மட்டும் குக்கரில் வெந்துகொண்டிருந்தது. கலீல் உட்கார்ந்தபடியே அந்தச் சிவப்புக் குக்கரைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தான்.

"லாத்தா... இது கராமாதானே?"

குக்கர் வீலென்று ஒரு விசில் அடித்தது.

கலீல் எழுந்து நின்றான். கூடவே அப்பாவும் எழுந்து நின்றார்.

அடுத்த மாதம் இதழ் தபாலில் வந்தது. மஹதி பக்கத்தைப் பிரித்து, பலகைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சத்தமாகப் படித்தாள். "'முக்கால் மணி அடுப்பு. எழுதுபவர் நளினி. இந்த மாதக் கஞ்சி, நஸீரா.'"

தும்மினால் இருமுகிற பலகைதான் அது. ஆனாலும் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சரியாக் கேக்கலை புள்ள. இன்னொரு தடவை படி!"