கதவு திறக்காத திருநாள்

விடிந்ததும் விடியாததுமாக தோப்ரிலா கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். குடும்பப் புனிதரின் திருநாளான ஸ்லாவா விருந்துக்கு மட்டும் வெளியே எடுக்கிற சின்னக் கிளாஸ்கள் இருபத்துநாலையும் காணோம்!

"என்னங்க, கிளாஸெல்லாம் எங்கே?"

பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ஷார்கோ நிமிரவே இல்லை. "எனக்கென்ன தெரியும்? அப்பா எங்கயாச்சும் வெச்சிருப்பாரு."

"அவர் எதுக்கு எடுக்கணும்? இன்னிக்கு யாரும் வரக்கூடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா… அவருக்கா, உங்களுக்கா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதே!" என்று வெளியே போய்விட்டான். பொய் சொன்னால் ஷார்கோவுக்குக் காது மடல் சிவந்துவிடும். இன்று இரண்டு காதும் மிளகாய்ப்பழமாக இருந்தன.

உள்ளறையில் ஆறு வயது துன்யா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரத்தப் புற்றுநோய். ஐந்து மாதமாக ஆஸ்பத்திரி நாற்காலிதான் தோப்ரிலாவுக்குக் கட்டில். பள்ளிக்கூடத்துச் சமையல் வேலையையும் விட்டாயிற்று. ஒரு சுற்று மருந்து முடிந்து, பத்து நாள் வீட்டில் வைத்திருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். குழந்தையின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. "ஒருத்தர் தும்மினாப் போதும்" என்றிருந்தார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்தா குடும்பத்துப் புனிதர் நிக்கோலாவின் நாள் வர வேண்டும்! இதற்கு யாரையும் அழைப்பதில்லை, அழைக்காமலே ஊர் வரும். மாமனார் வீத்தோமிரின் வீட்டுக் கதவு யுத்த காலத்தில்கூட அன்றைக்கு மூடியதில்லை. இந்த வருஷம் மூடத்தான் வேண்டும் என்று போன வாரம் தோப்ரிலா சொன்னாள். நாத்தனார் ஸ்தானியா எழுந்து ஆடினாள்.

"எங்கப்பா வீட்டுக்குப் பூட்டுப் போட நீ யாருடி? பிள்ளையக் காட்டிக் காட்டியே எங்கள அந்நியமாக்கிட்டே!"

"போன தடவ நீங்க வந்து முத்தம் குடுத்துட்டுப் போனீங்க, அண்ணி. மூணாம் நாள் ஜுரம்! பதினோரு நாள் என் பொண்ணு உயிரு ஊசலாடிச்சு…"

"என்னாலங்கிறியா? உன் நாக்கு அழுகிடும்!"

மாமனார் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேசுகிற நாத்தனாரைவிடப் பேசாத மாமனாரிடம்தான் தோப்ரிலாவுக்குப் பயம். அன்றிலிருந்து அவர் போனில் கிசுகிசுப்பதும், இவளைக் கண்டதும் வைத்துவிடுவதுமாக இருந்தார். ரொட்டிக் கடையில் பக்கத்து வீட்டுக்காரி இவளைப் பார்த்ததும் பேச்சை மாற்றினாள். எல்லோரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்… கூட்டத்தை உள்ளே விடத்தான் போகிறார்கள்!

பத்து மணிக்குத் தெருவில் கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தோப்ரிலா ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். போதாதென்று கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். தட்டட்டும்! மாமனாராக இருந்தாலென்ன, சாமியாராக இருந்தாலென்ன, என்னைத் தாண்டித்தான் என் குழந்தையிடம் போக வேண்டும்!

யாரும் தட்டவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று.

"அம்மா!" ஜன்னலிலிருந்து துன்யா கூவினாள். "தாத்தா தெருவுல நிக்கிறாரு! எல்லாரும் எனக்கு டாட்டா காட்டுறாங்க!"

தோப்ரிலா எட்டிப் பார்த்தாள். வாசல் கேட்டுக்கு வெளியே, பனியில், வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் லாந்தர் கூண்டுக்குள் எரியும் மெழுகுவர்த்தி, சிலுவைக் குறியிட்ட ரொட்டி, இனிப்புக் கோதுமை, பொரித்த மீன், காணாமல்போன அத்தனை கிளாஸ்கள். வருகிறவர்கள் சிலுவை போட்டு, ஒரு கரண்டி கோதுமையை வாயில் இட்டு, ஒரு மடக்குக் குடித்து, ஜன்னலைப் பார்த்துக் கையசைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவர்கூடக் கேட்டைத் தொடவில்லை.

கோட்டைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

"மாமா! எழுபத்துநாலு வயசுல இந்தக் குளிர்ல…"

"விருந்து குடுக்கிறவன் நாள் முழுக்க நிக்கணும்ங்கிறதுதானே முறை? உள்ள நின்னாலும் நிக்கணும், இங்க நின்னாலும் நிக்கணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, கிருமி சாகணும்னு மேசையையே கொதிக்க வெச்சுத்தான் குடுத்திருப்பே!" என்று சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். "தெருவுல நின்னா யாரு வருவாங்கன்னு எனக்கே தெரியலம்மா. ஒரு வாரமா ஒவ்வொருத்தனுக்கா போன் போட்டுக் கெஞ்சினேன். யாருமே வரலேன்னா… உனக்குத் தெரிய வேணாம்னு பாத்தேன்."

மேசைக்குப் பின்னால், சால்வையால் வாயை மூடிக்கொண்டு ஸ்தானியா நின்றிருந்தாள். கோதுமை வேகவைத்தது அவள் வீட்டில்தானாம். தோப்ரிலாவைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"அன்னிக்கு எனக்கு உடம்பு காஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, தோப்ரிலா… தெரிஞ்சேதான் வந்தேன். எந்தம்பி கொழந்தைய நான் தொட எவ தடுக்கிறதுங்கிற திமிரு… பதினோரு நாளும் நான் தூங்கலடி! உன் மூஞ்சில முழிக்கப் பயந்துதான் கத்தினேன்…"

ஐந்து மாதமாக எந்த டாக்டர் முன்னாலும் அழாத தோப்ரிலா வாய்விட்டு அழுதாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நாத்தனாரை நோக்கிப் போனாள். ஸ்தானியா பதறிப் பின்வாங்கினாள்.

"வேணாம்! கிட்ட வராதே! எனக்கு நேத்திலேர்ந்து இருமல்… நீ புள்ளயத் தொடணும். உள்ள போ, போடி!"

விரித்த கை விரித்தபடியே தோப்ரிலா நின்றாள். பிறகு, "சரி, அண்ணி" என்று திரும்பி நடந்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நாத்தனார் சொல்லுக்கு அவள் மறுபேச்சில்லாமல் அடங்கியது அதுதான் முதல் தடவை.