லோஜினியின் ஒப்ஜெக்ட்

தேயிலைத் தோட்ட ஆபீஸ் கதவில் ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. டவுனில் போன் கடை ஒன்றில் வேலை செய்யும் நிரோஷன் அதை உரக்கப் படித்தான்.

"நம்ம மைதானத்துல லொறிக் கொட்டகை கட்டப் போறாங்களாம்! ஒப்ஜெக்ட் இருந்தா வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ளயாம்."

"ஒப்ஜெக்ட்டுன்னா என்னாண்ணே?" என்று கேட்டாள் லோஜினி. ஆறாம் வகுப்புக்காரி. மேல்லய வீட்டு வரிசையின் எல்லே மட்டைப்பந்து அணிக்கு அவள்தான் தலைவி.

"பொருளு! நம்ம பொருளையெல்லாம் எடுத்துறணும்ங்கிறாங்க."

அன்று மாலையே துணிக்கொடிகள் கழன்றன. எல்லே விளையாட நட்டிருந்த நான்கு மூங்கில் கம்பங்களையும் நிரோஷனே பிடுங்கித் தோளில் சுமந்து போனான். சனிக்கிழமை கீழ்லயத்து அணியோடு போட்டி. இனி எங்கே ஓடுவது?

அன்றிரவு லோஜினி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தாள். அறிவித்தலை அதில் எழுத்துப் பிசகாமல் எழுதி வந்திருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், பக்கத்து வீட்டுத் தோழியைக் கூப்பிட்டாள்.

"சுலக்ஷனா, இங்க பாருடி. 'எனிவன் ஹூ ஒப்ஜெக்ட்ஸ்'னு இருக்கு. 'யாராவது மேசை', 'யாராவது வாளி'ன்னு சொல்லுவோமா?"

சுலக்ஷனா சிரித்தாள். "'யாராவது ஓடினா'ன்னு வேணா சொல்லலாம்."

"அதான்! அந்த எடத்துல ஒரு வேலை வரணும்டி, பொருள் வராது!"

மறுநாள் வியாழக்கிழமை. இடைவேளை மணி அடித்ததும் இருவரும் பள்ளி நூலகத்துக்கு ஓடினார்கள். தடித்த அகராதியைப் புரட்டினார்கள். முதலில் இருந்தது 'பொருள்' என்ற அர்த்தம்தான். லோஜினியின் விரல் கீழே இறங்கியது. வினைச்சொல்: 'எதிர்ப்புத் தெரிவி'. பின்னால் 'டூ' சேர்த்து எழுத வேண்டும் என்றும் இருந்தது.

"அடியே! அவங்க நம்மள எடுக்கச் சொல்லல. வேணாம்னா சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க!"

அன்றிரவு லோஜினி கடிதம் எழுதினாள். திகதி, விலாசம், பொருள் எல்லாம் வரிசையாக. 'லொறிக் கொட்டகைக்கு நாங்கள் ஒப்ஜெக்ட் செய்கிறோம்' என்ற வரியை மட்டும் ஆங்கிலத்தில், 'டூ' போட்டு எழுதினாள். மற்றதெல்லாம் தமிழில். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நாற்பத்து மூன்று பிள்ளைகள் கையெழுத்திட்டார்கள். ஒன்றாம் வகுப்பு மிலான் பெயரோடு ஒரு பந்தும் வரைந்தான்.

மணி மூன்று ஐம்பது. ஆபீஸில் தோட்ட மேனேஜரான தொரை கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கம்பத்தையெல்லாம் நீங்களே எடுத்தீங்க. எல்லாருக்கும் சம்மதம்னு நெனச்சேனே!"

"அது ஒரு சொல்லால வந்த வெனைங்க தொரை," என்றாள் லோஜினி.

தொரை வாய்விட்டுச் சிரித்தார். "சரி, கொட்டகைய எங்க கட்டுறது?"

"அதையும் எழுதியிருக்கோம்ங்க. கடைசிப் பத்தி. பெக்டரிக்குப் பின்னால சும்மா கெடக்குற எடம்."

"லொறி திரும்புமா?"

"கொழுந்து லொறி தினமும் அங்கதாங்க திரும்புது."

தொரை சன்னலோரம் போய்ப் பெக்டரிப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, கதவில் இருந்த அறிவித்தலைத் தன் கையாலேயே கிழித்தார்.

வாசலில் காத்திருந்த பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஆபீஸ் கூரையிலிருந்த காகங்கள் பறந்தன.

சனிக்கிழமை காலை நிரோஷன் நான்கு கம்பங்களையும் சுமந்துகொண்டு வந்தான். வெட்கம் பாதி, சிரிப்பு பாதி.

"தலைவி, இந்த ஒப்ஜெக்ட்டையெல்லாம் எங்க வைக்கிறது?"

"இருந்த எடத்துலேயே நடுங்கண்ணே," என்றாள் லோஜினி, மட்டையைச் சுழற்றியபடி. "அதுக்கு இங்க யாரும் ஒப்ஜெக்ட் பண்ண மாட்டாங்க!"